ரஜூலாவின் உடன்பிறப்பு

நான் சிறுவனாக இருந்தபோது மயிலையிலிருந்து என் பாட்டனார் என்னைத் துறைமுகத்திற்கு அழைத்துச் சென்று ‘ரஜூலா’ என்னும் கப்பலைக் காட்டினார். “இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அதிலேதான் நான் பினாங்குக்குப் போனேன்” என்றார். அதுவே ‘ரோனா’.

இரு கப்பல்களும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-இல் கட்டப்பட்டவை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்பது அவற்றின் வழி. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தே நம்மவர் பல்லாயிரவர் கடல் கடந்தனர்.

போர் மூண்டபின் ரோனா படைவீரரைச் சுமக்கலாயிற்று. 1943 நவம்பர் 26 மாலை, ஏறத்தாழ 2,000 அமெரிக்க வீரருடன் அது அல்ஜீரியக் கரையோரமாக, இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய விமானம் ஒன்று சிறகுடைய குண்டொன்றை ஏவியது. விமானத்திலிருந்தபடியே வானொலி அலையால் அதனைத் திருப்பி இயக்கினர். என் குரலை உங்களிடம் சேர்க்கும் அலையின் இனந்தான் அதுவும்! கப்பலின் பக்கம் பிளந்தது. வீரருள் 1,015 பேர் மாண்டனர்.

இந்திய மாலுமிகள் தம் உயிரையே காத்துக்கொள்ள விரைந்தனர் எனப் பிழைத்தோர் சிலர் பின்னாளில் குறை கூறினர். உயிர்காப்புப் படகுகள் பல இறக்கமுடியாதபடி துருவேறிக் கிடந்தன என்பதும், கப்பல் ஊழியருள் நூற்றுவருக்கு மேல் அன்று மாண்டனர் என்பதும் அக்குறையோடு சேர்த்துச் சொல்லவேண்டியவை.

புதிய ஆயுதத்தின் வெற்றி பகைவருக்குத் தெரியலாகாதென்று அமெரிக்க அரசு செய்தியை மறைத்தது. போர் முடிந்தும் பல்லாண்டுகள் முழு விவரம் வெளிவரவில்லை. ரஜூலா 1973 வரை நம் துறைமுகத்திற்கு வந்து போயிற்று. ரோனா போரில் போயிற்று என்பதற்குமேல் பாட்டனார் ஒன்றும் அறியாமலே மறைந்தார்.