கோவாவின் ஃபெனி: பழமும் பானையும் தீர்மானிக்கும் தரம்

பனாஜி: முந்திரிப் பழச்சாற்றை நொதிக்கவைத்துச் சிறு வாலைகளில் காய்ச்சி வடிக்கப்படும் கோவாவின் ஃபெனி, 2009-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2016-ல் கோவா அரசு இதனைப் பாரம்பரிய மதுபானமாக அங்கீகரித்தது. பெரும்பாலும் குடும்பத் தொழிலாக நடைபெறும் இவ்வுற்பத்தியில், எந்தப் பழம், எந்தக் கலன் என்ற இரு கேள்விகளே தரத்தையும் குடிப்பவரின் பாதுகாப்பையும் பெரிதும் தீர்மானிக்கின்றன.

மூலப்பொருள் எது?

பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட முந்திரி மரம், 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்களால் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் பழக்காலம் ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை மட்டுமே. நன்கு பழுத்துத் தானாக உதிர்ந்த பழங்களே பொறுக்கப்படுகின்றன. முதிராத பழத்தில் சர்க்கரை குறைவாகவும் துவர்ப்பு மிகுதியாகவும் இருப்பதே இதற்குக் காரணம்.

கொட்டை நீக்கிய பழங்கள், பாறையில் குடைந்த தொட்டியில் காலால் மிதிக்கப்படுகின்றன. பல இடங்களில் இப்பணியை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. முதலில் வழியும் சாறே வடிப்பதற்குப் பயன்படுகிறது. எஞ்சிய சக்கையின்மீது கனமான கல்லை ஏற்றும்போது மெல்லக் கசியும் தெளிந்த சாறு 'நீரோ' எனப்படுகிறது. இது புதிதாக இருக்கும்போதே பருகப்படும் பானமாகும்.

ஈஸ்ட் சேர்ப்பது உண்டா?

மரபு முறையில் ஈஸ்ட் தனியாகச் சேர்க்கப்படுவதில்லை. பழத்தோலில் இயற்கையாக உள்ள ஈஸ்ட்டே சுமார் 3 நாட்களில் சாற்றை நொதிக்கச் செய்கிறது. வெப்பநிலைக்கு ஏற்ப இக்காலம் கூடலாம், குறையலாம். வடிப்பதற்குத் தாமதமானால் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலைப் புளிக்காடியாக மாற்றிவிடும்.

மண்பானையா, செம்பா?

முற்காலத்தில் கொதிகலனாக மண்பானையே இருந்தது. இப்போது செம்புக் கலன் அதன் இடத்தைப் பெற்றுள்ளது. செம்பு வெப்பத்தைச் சீராகக் கடத்துவதோடு, நொதித்த சாற்றில் உள்ள துர்நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களையும் பிணைத்துக்கொள்கிறது. துருப்பிடிக்காத எஃகு சுத்தம் செய்வதற்கு எளிது. எனினும் அதற்கு இந்தப் பண்பு இல்லை.

கலனில் எழும் ஆவி, குழாய் வழியாக 'லாவ்ணி' என்னும் மண்பானையை அடைகிறது. அப்பானையின்மீது தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கப்படுவதால் ஆவி திரவமாகிறது. நீர்த்தொட்டியில் மூழ்கிய செம்புச் சுருள்குழாயும் இதே வேலையைச் செய்கிறது. இணைப்புகளை ஈயம் கலந்த பற்றாசு கொண்டு ஒட்டினால், அந்த நஞ்சு மதுவில் கலக்கும் அபாயம் உண்டு.

உர்ராக்குக்கும் ஃபெனிக்கும் என்ன வேறுபாடு?

முதல் முறை வடித்துக் கிடைப்பது உர்ராக். இதில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம். விரைவில் சுவை கெடுவதால் இது பழக்காலத்தில் மட்டுமே விற்பனையாகிறது. உர்ராக்குடன் நொதித்த சாற்றைச் சேர்த்து மீண்டும் வடிக்கும்போது, 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் கொண்ட ஃபெனி கிடைக்கிறது.

மெத்தனால் அபாயம் உண்டா?

பழங்களில் உள்ள பெக்டின் சிதைவதால், எல்லாப் பழ மதுபானங்களிலும் சிறிதளவு மெத்தனால் உண்டாகிறது. ஆயினும் கொத்துக் கொத்தாக உயிர்களைப் பறிக்கும் விஷச்சாராயச் சம்பவங்களுக்குப் பெரும்பாலும் காரணமாவது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலை வெளியிலிருந்து கலப்பதே. 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனால் கலந்த சாராயத்தாலேயே. மெத்தனால் கலந்திருப்பதை நிறத்தாலோ மணத்தாலோ நாவாலோ உறுதிசெய்ய இயலாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி.

பெயருக்கான பாதுகாப்பு எதற்கு?

2009-ல் பெற்ற புவிசார் குறியீடு முந்திரி ஃபெனிக்கானது. தென்னங்கள்ளிலிருந்து வடிக்கப்படும் தேங்காய் ஃபெனி அதில் அடங்காது. மலிவான எரிசாராயத்தில் மணமூட்டி ஃபெனி என்ற பெயரில் விற்றால், ஆண்டில் மூன்று மாதங்களே கிடைக்கும் பழத்தை நம்பி உழைக்கும் சிறு உற்பத்தியாளர் அந்த விலையோடு போட்டியிட முடியாது. அவருடைய பெயரைக் காக்கும் சட்ட வேலியே இந்தக் குறியீடு.

மதுபான உற்பத்தி மாநிலப் பட்டியலில் உள்ளது. கோவாவிலும் கலால் துறையின் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே ஃபெனி வடிக்க முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.