தரையில் நிற்காத எறிகணை

வானொலி உரையில் நேரம் போதாமல் சுருக்கிச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கொம்பியூட்டர் என்ற ஆங்கிலச் சொல் 1940கள் வரை பெரும்பாலும் மனிதரையே குறித்தது. கணக்குப் போடுவதைத் தொழிலாகச் செய்தவருக்கு அதுதான் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மூர் பொறியியற் பள்ளியில், இப்படிப் பல பெண்கள் வேலை செய்தார்கள். அவர்கள் கணித்தது ஆட்லறி எறிகணையின் பாதையை.

உயர்தரத்தில் பௌதிகம் படித்த நேயர்கள், எறியத்தின் பாதை பரவளைவுதானே, இரண்டு வரியில் முடிகிற கணக்குத்தானே என்று கேட்கலாம். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் காட்டியதும் அதைத்தான். ஆனால் அது காற்றில்லாத உலகத்துக் கணக்கு. வேகமாகப் போகும் குண்டை வளித்தடை எவ்வளவு கடுமையாக மறிக்கிறது என்பதைப் பெஞ்சமின் றொபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742இல் வெளியான தன் நூலில் காட்டினார். (இவர் பிறகு கிழக்கிந்தியக் கொம்பனியின் பொறியியலாளராக வந்து, 1751இல் நம் கடலூர்ப் பக்கம், தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இறந்துபோனார்.) வேகம் மாறினால் தடை மாறும், தடை மாறினால் வேகம் மாறும். ஆகவே பறக்கும் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு இடமும் வேகமும் தடையும் கணித்துக்கொண்டே போகவேண்டும். மேசைக் கணிப்பொறியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பாதையைக் கணிக்க ஒருவருக்கு 30 முதல் 40 மணித்தியாலம் பிடித்தது. எந்தக் கோணத்தில் சுட்டால் எவ்வளவு தூரத்தில் விழும் என்று சொல்லும் சூட்டு அட்டவணைக்கோ ஆயிரக்கணக்கான பாதைகள் வேண்டும்.

அந்தப் பெண்களில் ஒருவர் கத்லீன் மக்நல்ற்றி. 1921இல் அயர்லாந்தின் டொனெகோலில் பிறந்தவர். அவர் பிறந்த இரவே, ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்தவர் என்ற சந்தேகத்தில் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருடச் சிறை. வெளியே வந்தபின், 1924இல் குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. கத்லீனுக்கு அப்போது ஐரிஷ் மொழி மட்டும்தான் தெரியும், ஆங்கிலம் தெரியாது. எங்கள் வீடுகளில் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தப் பிள்ளை 1942இல் கணிதத்தில் பட்டம் பெற்று, அதே வருடம் மூர் பள்ளியில் கணிப்பாளராகச் சேர்ந்தது.

1945இல் கத்லீனையும் வேறு ஐந்து பெண்களையும் எனியாக் என்ற புதிய பொறிக்குத் தெரிவு செய்தார்கள். பழைய றேடியோக்களில் இருந்தவை போன்ற வால்வுகள் சுமார் 18,000. நிறை ஏறக்குறைய 30 தொன். இரகசியம் என்பதால் முதலில் பொறி இருந்த அறைக்குள் இவர்களை விடவில்லை. வரைபடங்களைப் பார்த்தே படித்தார்கள். செய்நிரல் எழுதுவதென்றால் கேபிள்களை மாற்றிச் செருகி, ஆளிகளைத் திருப்புவது.

1946 பெப்ரவரி 15 பொதுமக்களுக்குக் காட்டும் நாள். எறிகணைச் செய்நிரல் பெற்றி ஸ்னைடர், ஜீன் ஜெனிங்ஸ் ஆகிய இருவர் பொறுப்பில் இருந்தது. முதல்நாள் இரவு வரை ஒரு வழு தீரவில்லை. எறிகணை சரியாகப் பறந்தது, சரியாக இறங்கியது, ஆனால் தரையில் நிற்கவில்லை. மண்ணுக்குள்ளும் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்னைடர் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். காலையில் வந்து ஒரேயொரு ஆளியைத் திருப்பினார். நின்றது! எறிகணை விழ 30 விநாடி. அதன் பாதையை எனியாக் கணித்து முடித்தது 20 விநாடியில்.

வார இறுதியில் எங்கள் பிள்ளைகளுக்கு நான் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். பந்து எறியும் செய்நிரல் எழுதும்போது அவர்களுக்கும் இதே வழுதான். (கோணத்தை ஆரையனில் கொடுக்காமல் பாகையில் கொடுப்பது வேறு கதை.) பந்து இறங்கி, தரையை ஊடறுத்து, திரைக்குக் கீழே மறைந்துவிடும். உயரம் பூச்சியமானால் நில் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் கணக்குப் படிப்படியாகத் தாவுகிறது. ஒரு படியில் பந்து தரைக்கு மேலே 2 மீற்றர், அடுத்த படியில் தரைக்குக் கீழே 3 மீற்றர். சரியாகப் பூச்சியம் என்ற படி வருவதே இல்லை. பூச்சியமோ அதற்குக் கீழோ என்றுதான் கேட்கவேண்டும். பிறகு அந்த இரண்டு படிகளையும் வைத்து, விழுந்த இடத்தை விகிதப்படி எடுக்கவேண்டும்.

எனியாக் கதையை வகுப்பில் சொன்ன அன்று ஒரு தாயார் என்னைத் தனியே கூப்பிட்டார். "பந்து போதாதே, மாஸ்ரர்? ஷெல்லை ஏன் பிள்ளையளின்ர தலைக்குள்ள கொண்டுவாறியள்?" நியாயமான கேள்வி. பங்கருக்குள் இருந்துகொண்டு, குத்துகிற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடையில் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். சூட்டு அட்டவணையில் கோணம் இருக்கும், தூரம் இருக்கும், பறக்கும் நேரம் இருக்கும். அந்தத் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு நிரல் இல்லை. அதனால்தான் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கிறேன். நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் இப்படியான கணக்குகளை எழுதப்போகிறார்கள். எதற்காக எழுதுகிறோம் என்று கேட்கப் பழகட்டும். தாயார் ஒப்புக்கொள்ளவில்லை; மகளை வகுப்பிலிருந்து நிறுத்தவும் இல்லை.

காட்சி நடந்த அன்று இரவு பெரிய விருந்து வைத்தார்கள். செய்நிரல் எழுதிய பெண்களுக்கு அழைப்பில்லை. 1980களில் கத்ரின் கிளைமன் என்ற மாணவி பழைய படங்களைக் காட்டி இவர்கள் யார் என்று விசாரித்தபோது, பொறிக்குப் பக்கத்தில் அழகுக்கு நிறுத்திய மொடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடிப் பெயர்களைக் கண்டுபிடித்தார். 1997இல்தான் ஆறு பேருக்கும் தொழில்நுட்பத்துறைப் பெண்களுக்கான கௌரவம் கிடைத்தது. கத்லீன் 2006இல் காலமானார். சின்ன வயதில் ஐரிஷ் மொழியில் பழகிய செபங்கள் அவருக்குக் கடைசிவரை மறக்கவில்லையாம்.