தனுஷ்கோடி: போன வாசல்

ராமேஸ்வரம் போய்விட்டு வரும் நண்பர்கள் எல்லோரும் தவறாமல் தனுஷ்கோடி படம் காட்டுவார்கள். இடிந்த சர்ச், மணல், இரண்டு பக்கமும் கடல். கீழே 'பேய் நகரம்' என்று ஒரு தலைப்பு. எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதே இல்லை. ரயில் உண்டாக்கிய ஊர் அது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. அதற்கு முன் கொழும்பு போக தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். பாலம் வந்தபின் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் கப்பல். இறங்கினால் மறுபடி ரயில். அப்போது மெயின் லைனே தனுஷ்கோடிக்குத்தான். ராமேஸ்வரம், பாம்பனில் பிரியும் வெறும் கிளை! ஸ்டேஷன், கஸ்டம்ஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ரயிலையும் கப்பலையும் நம்பி எழுந்தவை.

அதில் போனவர்கள் அதிகாரிகளும் வியாபாரிகளும் மட்டுமில்லை. தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிக் குடும்பங்களும்தான். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் அவர்களைத் தங்கவைத்து, அம்மை குத்தி, அப்புறம்தான் அனுப்பினார்கள். 1939-ல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நமக்கெல்லாம் அவர்கள்தான் மூத்தவர்கள்.

1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பலர் இந்தியாவைப் பார்த்ததுகூட இல்லை.

எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 நள்ளிரவில் புயல். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலை தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அப்படியே வாரிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் போயிற்று.

சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஸ்ரீதரனின் பெயர் முதலில் பேசப்பட்டது அப்போதுதான். ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவேயில்லை. வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஊரை அடித்தது கடல். திரும்பக் கட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தது நாம்.

பிறகு ஒப்பந்தப்படி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கி, அதே மண்டபம் முகாமுக்குத்தான் போனார்கள். தாத்தா பாட்டி போன வாசல் அதற்குள் மணலாகிவிட்டிருந்தது. அந்தக் கப்பலும் 1984-ல் உள்நாட்டுப் போரோடு நின்றுபோனது.

2017-லிருந்து அரிச்சல்முனை வரை நல்ல ரோடு இருக்கிறது. 2025-ல் புதிய பாம்பன் பாலமும் வந்தாயிற்று. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். பேய்க்கதை வேண்டாம். இந்த வழியாகத்தான் நம் ஜனங்கள் வேலை தேடிப் போனார்கள் என்று சொல்லுங்கள், போதும்.