குண்டளைக் காளைகளும் லெய்டன் இழையும்

1902ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் முகடு வரை ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டு, அதன் மேல் தேயிலை வண்டிகளைக் காளைகள் இழுக்கத் தொடங்கின. முகட்டிலிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்கு வந்து சேரும். அதே ஆண்டில் ஹாலந்தின் லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவன், காந்தத் துருவங்களுக்கு நடுவே கட்டிய மெல்லிய குவார்ட்ஸ் இழையின் அசைவைக் கொண்டு மனித இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து வெளியிட்டார். அவருடைய கருவியின் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. ஆக, மேற்குத் தொடர்ச்சி மலையில் மூச்சிரைத்த காளைகளின் நெஞ்சருகே அது வந்திருக்க வழியே இல்லை.

ஆனால் விலங்கின் இதயம் இந்த ஆராய்ச்சிக்கு வெளியே இருந்ததில்லை. 1733இலேயே ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண்குதிரையின் தமனியில் குழாயைச் செருகி இரத்தம் எவ்வளவு உயரம் எழுகிறது என்று அளந்து எழுதினார். அந்தக் குதிரை பிழைக்கவில்லை. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887இல் மனித இதயத்தின் மின்பதிவை முதலில் எடுத்தவர். அவர் அதைப் பலருக்கும் விளக்கிக் காட்டத் தேர்ந்துகொண்டது ஜிம்மி என்ற தன் புல்டாக் நாயை. உப்புநீர் நிரம்பிய கண்ணாடிக் குவளைகளில் கால்களை வைத்து ஜிம்மி சாதுவாக நிற்கும். 1909இல் ராயல் சொசைட்டியில் அது நின்றதைப் பற்றி, இது வதை ஆகாதா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. கடல் நீரில் கால் நனைத்தவருக்கு அந்த அனுபவம் புரியும் என்ற பொருளில் உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் பதில் சொன்னார். ஒரு நாயின் கால் நனைந்ததற்குக் கேள்வி கேட்ட அந்தச் சபை, அதன் பேரரசின் மலைத்தோட்டங்களில் சுமை இழுத்த காளைகளைப் பற்றி என்ன நினைத்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1913 வாக்கில் குதிரையின் இதயமும் பதிவானது. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நலமான குதிரை ஓய்வில் நிற்கும்போது நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறைதான் துடிக்கும். அதிலும் இடையிடையே ஒரு துடிப்பு விடுபட்டுப்போகும். மேலறை சுருங்குகிறது, கீழறைக்குச் செய்தி போய்ச்சேரவில்லை. மனிதரிடம் இப்படிக் கண்டால் மருத்துவர் யோசிப்பார். குதிரையிடமோ அது பெரும்பாலும் வேகஸ் நரம்பின் ஆளுமை, அவ்வளவுதான். நாலடி ஓடவிட்டால் மறைந்துவிடும். ஓடிய பிறகும் மறையாவிட்டால்தான் கவலை.

மாட்டின் கதை வேறு. 1839இல் பர்க்கின்யே ஆட்டின் இதய உட்சுவரில் ஒருவகை இழைகளைக் கண்டார். நாய்க்கும் மனிதனுக்கும் அந்த இழைகள் உட்சுவரை ஒட்டியே நின்றுவிடுகின்றன. மாடு, ஆடு, குதிரைக்கு அவை தசையை ஊடுருவி வெளிச்சுவர் வரை செல்கின்றன. அதனால் கீழறைத் தசை முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தூண்டப்பட்டு, மின்விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மனிதரைப் போலக் கைகால்களில் பட்டை கட்டி இதயம் வீங்கியிருக்கிறதா என்று இங்கே கண்டுபிடிக்க முடியாது. கழுத்தோரம் ஒன்று, இடது முழங்கைக்குப் பின்னே ஒன்று எனப் பொருத்தினால் துடிப்பின் ஒழுங்கு மட்டும் தெளிவாகத் தெரியும்.

மாட்டிதயத்தின் பெரும்பகையோ ஒரு துண்டுக் கம்பி. மாடு தீவனத்தை நுனிப்பல்லால் ஆராய்ந்து தின்பதில்லை. விழுங்கிய ஆணியும் கம்பியும் தேன்கூட்டு வயிற்றில் தங்குகின்றன. அதற்கும் இதயத்துக்கும் இடையே இருப்பது உதரவிதானம் மட்டுமே. கம்பி குத்தி இதய உறையில் சீழ் கட்டினால் மின்பதிவின் அலைகள் குறுகிப்போகும், நெஞ்சொலி மங்கும். ஆனால் கருவி வருவதற்கு முன்பே தெரிகிற அடையாளம் ஒன்றுண்டு: அந்த மாடு சரிவில் இறங்க மறுக்கும். ஏற்றம் ஏறும், இறக்கத்தில் தயங்கி நின்றுவிடும். சமவெளித் தொழுவத்தில் தவறிப்போகக்கூடிய இந்த அடையாளம், மலைச்சரிவில் மாடு மேய்ப்பவர் கண்ணில் தினமும் படக்கூடியது. அடிக்கத் தோன்றும் இடமும் அதுதான்.

1908இல் குண்டளைக் காளைகளுக்கு ஓய்வு கிடைத்தது, ரயில் எஞ்சின்கள் வந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலையும் கொண்டுபோயிற்று. ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1924தான். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இருந்துவந்த கால்நடை மருத்துவக் கல்வி, தேனிக்குத் தனிக் கல்லூரியாக வந்தது 2020இல்.

சாலை எட்டாத மலையூர்களுக்கு இன்றும் குதிரைதான் சுமக்கிறது. தேர்தல் வந்தால் ஊத்துக்காட்டுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் ஏறுவதும் அதன் முதுகில்தான். சுமை இறக்கி, வியர்வை காய்ந்து, அரைமணி நேரம் நின்ற மட்டக்குதிரையின் தாடை எலும்பின் அடியில் இரண்டு விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். எண்ணிக்கொண்டே வரும்போது எங்காவது ஒன்று விடுபடலாம். பதற வேண்டாம், விரலை எடுக்காமல் இருந்தால் அடுத்தது வந்துவிடும்.