சைதாப்பேட்டை முதல் சோழமாதேவி வரை

1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் அரசு தொடங்கிய வேளாண் பள்ளி, 1906-இல் கோவைக்குப் பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. ஆராய்ச்சி அங்கே செழித்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி விதைத்தவரின் மகன், பள்ளியைப் பாதியில் விட்டவனாயின், அவனுக்கு அக்கதவு திறக்கவில்லை.

அவனுக்காகவே மோகன் சிங் மேத்தா குழு வேறொரு திட்டம் வகுத்தது. 1974-இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் எழுந்தது. பட்டமில்லை, செய்து கற்பதே பாடம். செலவு மத்திய அரசுடையது. வாலிகண்டபுரத்திலும் அரியலூர்ச் சோழமாதேவியிலும் இத்தகைய நிலையங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன.

வெளிநாட்டு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்த இளைஞனிடம் அண்மையில் இதைச் சொன்னேன். அவன் கேள்விப்பட்டதே இல்லையாம். அவன் ஊரிலிருந்து சோழமாதேவி நெடுந்தொலைவன்று.