பெட்டி இல்லாத ஒலிபெருக்கி

1957-இல் இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரிலிருந்து விற்பனைக்கு வந்த குவாட் இஎஸ்எல் ஒலிபெருக்கிக்கு மரப்பெட்டி கிடையாது. காகிதக் கூம்போ காந்தமோ கிடையாது. பீட்டர் வாக்கர் 1936-இல் லண்டனில் தொடங்கி, போர்க்காலக் குண்டுவீச்சுக்குப் பின் 1941-இல் ஹண்டிங்டனுக்கு மாற்றிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. பார்ப்பதற்கு அறையைச் சூடேற்றும் மின்கணப்பைப் போலிருக்கும்.

அதற்குள் இருப்பது மின்னேற்றப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம். துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே அது இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இப்படி அமைந்த கீழ்ச்சுருதிப் பலகைகளுக்கு 6,000 வோல்ட், மேல்சுருதிப் பலகைக்கு 1,500 வோல்ட். ஆம்ப்ளிஃபயரின் இசைச் சமிக்ஞை தகடுகளை அடைந்ததும் படலம் முன்னும் பின்னும் அசைகிறது. வழக்கமான ஒலிபெருக்கியின் கூம்பை நடுவில் மட்டுமே தள்ள முடியும். விளிம்பு சற்றுப் பிந்தியே நகரும். படலத்திலோ பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விசை படுகிறது. எடை அநேகமாக இல்லாததால் அது தொடங்கவும் நிற்கவும் தாமதிப்பதில்லை. அதிர்ந்து ஒலியைக் கலங்கடிக்கப் பெட்டியும் இல்லை. பாடகரின் மூச்சும் வில் நரம்பைத் தொடும் கணமும் அவ்வளவு தெளிவாகக் கேட்பது இதனால்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மனிதக் குரலில் இதை விஞ்சியவை மிகச் சிலவே.

தெளிவைத் தந்த மென்மையே அதன் பலவீனமும் ஆயிற்று. படலம் நகர இடம் குறைவு; ஆகவே உரத்த ஒலியும் ஆழ்ந்த கீழ்ச்சுருதியும் வாரா. மேல்சுருதி குறுகிய கற்றையாகப் பாய்வதால் சரியான இருக்கை ஒன்றே. பின்புறமும் ஒலி பாய்வதால் சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். சிறிய வீடுகளுக்கு அது பெரும் இடையூறு. குவாட் நிறுவனத்தின் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் இந்த ஒலிபெருக்கிக்கு ஏற்றது. பின்னர் வந்த ஆற்றல் மிக்க டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை இணைத்தால், பலகைக்குள் மின்பொறி பாய்ந்து படலம் கருகக்கூடும். ஒலியளவிலும் கீழ்ச்சுருதியிலும் உள்ள குறையை ஈடுகட்ட, 1970-களில் அமெரிக்க ஒலிக்கருவி வடிவமைப்பாளர் மார்க் லெவின்சன் தம் ஹெச்கியூடி அமைப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு ஜோடிகளை அடுக்கி, கீழ்ச்சுருதிக்கு 24 அங்குலக் கூம்பைச் சேர்த்தார்.

1981-இல் அடுத்த மாதிரியான இஎஸ்எல்-63 வந்த பிறகும் பழையது 1985 வரை தயாரானது. இன்று பழைய ஜோடியை வாங்குபவர் பழுதுச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். உயர் மின்னழுத்தப் பகுதி முதுமையில் தளர்ந்து ஒலி மங்கும். தூசியும் ஈரமும் மின்கசிவை உண்டாக்கும். ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால் ஸ்டீரியோவின் சமநிலை போய்விடும். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், பழுதுநீக்கம் பழகிய கைகளுக்கே உரியது.