படியும் டோலியும் பேருந்தும்: திருமலை ஏறிய வழிகள்

திருமலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், சேஷாசலத்தின் ஏழு மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அடிவாரத்தில் திருப்பதி. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை இன்று பேருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. 1944 வரை சக்கரம் வைத்த எந்த வண்டியும் அந்த மலையில் ஏறியதில்லை. கால் உள்ளவர் நடந்தார், முடியாதவர் டோலியில் போனார், இரண்டுக்கும் வழியில்லாதவர் அடிவாரத்தில் நின்று மலையைக் கும்பிட்டுத் திரும்பினார். இன்று மலைமேல் ஒரு நகரமே இருக்கிறது. அந்த நகரத்துக்குள் காசு வாங்காமல் வட்டமடிக்கும் பேருந்தும் இருக்கிறது. இந்த இரண்டையும் கொண்டுவந்தது சாலைதான்.

பாதைகளில் ஒன்று அலிபிரி வழி. திருப்பதி ஊரின் விளிம்பில் தொடங்கி, சுமார் 3,550 படிகளோடு மலையுச்சிக்குப் போகிறது. அலிபிரி என்ற பெயர் ‘அடிப்புளி’ என்பதிலிருந்து வந்தது என்பது வைணவ மரபு. மலையடியில் ஒரு புளியமரத்தின் கீழ் திருமலை நம்பி தம் மருமகன் இராமானுசருக்கு இராமாயணம் சொல்லிக்கொடுத்தாராம். மலையே ஆதிசேஷனின் உடல் என்பதால் இராமானுசர் அதன்மேல் பாதம் படாமல் முழங்காலால் ஊர்ந்து ஏறினார் என்பதும் அதே மரபு. இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதிக்குத் தமிழில் முழங்கால் முறிச்சான் என்று பெயர். தெலுங்கில் மோகாள்ள பர்வதம். பக்தியால் மடங்கிய முழங்காலும் களைப்பால் ஒடிந்த முழங்காலும் அந்தப் பெயரில் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது பாதை ஸ்ரீவாரி மெட்டு. சீனிவாச மங்காபுரத்தின் பக்கத்திலிருந்து ஏறும் இதில் 2,388 படிகள். அலிபிரியைவிடக் குறுகியது, ஆனால் மூச்சு வாங்கும். சந்திரகிரிக் கோட்டை இந்தப் பக்கம் இருப்பதால் விஜயநகர அரசர்கள் வந்த வழி இது என்று சொல்வார்கள். கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். அரசர் வந்தாலும் ஆண்டி வந்தாலும் ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான். அரசருக்குப் பல்லக்கு இருந்தது என்பது மட்டுமே வித்தியாசம்.

அந்தக் காலத்துத் திருமலையை இன்றைய நகரமாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. கோயில், அதைச் சுற்றி நான்கு மாட வீதிகள், சில மடங்கள், மண்டபங்கள், பூந்தோட்டங்கள், அர்ச்சகர்களும் கைங்கரியம் செய்பவர்களும் குடியிருந்த வீடுகள், சுற்றிலும் காடு. இவ்வளவுதான். வந்தவருக்குச் சோறு போட ஏற்பாடு இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் மலைமேலும் கீழும் இராமானுசகூடங்களை அமைத்து, அவற்றின் பொறுப்பைக் கந்தாடை இராமானுச ஐயங்காரிடம் கொடுத்தார். கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பான்மை தமிழில்தான் இருக்கின்றன. எந்த நாளுக்கு எத்தனை மரக்கால் அரிசி, எவ்வளவு நெய், பிரசாதத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று அவை கணக்குச் சொல்கின்றன. மலைக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பக் கூடாது என்ற எண்ணம் அந்தக் கணக்குகளிலேயே ஊறியிருக்கிறது. பிற்காலத்துக் கட்டணமில்லாப் பேருந்துக்கு முன்னோடி தேடுபவர் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

19-ஆம் நூற்றாண்டில் அடிவாரம் மாறியது. 1801-இல் கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்துத் தலைவர்களான மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது ரயில். 1891-இல் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதியைத் தொட்டுக் கூடூர் போகும் மீட்டர்கேஜ் பாதை திறக்கப்பட்டது. அதுவரை மாட்டு வண்டியில் நாள்கணக்கில் வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் ஒரே இரவில் மலையடிக்கு வந்து சேர்ந்தன. வந்தபின்? பழைய படிதான், பழைய டோலிதான். நூற்றுக்கணக்கான கல் தொலைவை எளிதாக்கிய ரயிலால் கடைசிச் சில கல்லை எளிதாக்க முடியவில்லை. டோலி தூக்குவது திருப்பதியில் ஒரு பிழைப்பாகவே இருந்தது. மூங்கில் கழியில் கட்டித் தொங்கும் இருக்கையை இருபுறமும் தோளில் சுமந்து, ஒருவர் எடையோடு அத்தனை படியும் ஏறியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மலைக் கோயிலின் வரலாற்றில் அவர்களுக்கு ஓர் இடம் கொடுப்பது நியாயம்.

மகந்துகளின் காலம் 1933-இல் முடிந்தது. சென்னை மாகாணச் சட்டசபை 1932-இல் இயற்றிய திருமலை திருப்பதி தேவஸ்தானச் சட்டத்தின்படி நிர்வாகம் ஒரு குழுவுக்கும் ஆணையருக்கும் மாறியது. சித்தூர் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1911-இல் வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் சில பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்ட மாவட்டம் அது. திருமலையின் முதல் சாலைக்கு ஒப்புதல் கொடுத்த அரசு சென்னையில் இருந்தது. திறந்து வைத்தவரும் சென்னை கவர்னர்தான்.

அந்தத் திறப்பு 1944 ஏப்ரல் 10 அன்று நடந்தது. கவர்னர் சர் ஆர்தர் ஹோப். உலகப் போர் முடியாத காலம், பெட்ரோலுக்குப் பங்கீடு இருந்த காலம். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு கோயில் நிர்வாகம் காட்டு மலையைக் குடைந்து சாலை போட்டு முடித்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல. சாலையின் போக்கை வகுத்ததில் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனை இருந்ததாகச் சொல்லப்படுகிறது. சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள். நடைபாதை மலையின் முதுகில் நேராக ஏற, சாலை அதன் விலாவைச் சுற்றிச் சுற்றிப் போனது. சில இடங்களில் இரண்டும் சந்திக்கின்றன. நடப்பவர்கள் கொஞ்ச தூரம் சாலையோரமாகவே போய் மறுபடி படிக்குத் திரும்பும் பகுதி இன்றும் இருக்கிறது. பெரிய ஆஞ்சநேயர் சிலை நிற்கும் இடத்துக்கு ‘ஏழாவது மைல்’ என்றே பெயர். மைல் கணக்கு நாட்டிலிருந்து போய்ப் பல பத்தாண்டுகள் ஆனாலும் பெயரில் அது தங்கிவிட்டது.

சாலையில் தேவஸ்தானமே பேருந்து ஓட்டியது. கோயில் ஒன்று போக்குவரத்து நிறுவனமாகவும் இயங்கியது அந்த ஆண்டுகளின் தனிச்சிறப்பு. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சம்பளம் கொடுத்ததும் அர்ச்சகருக்குச் சம்பாவனை கொடுத்ததும் ஒரே அலுவலகம். மலைப்பேருந்து முதலில் மாற்றியது வயதானவர்களின் வாழ்க்கையை. ‘ஒரு முறையாவது மலையைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த பாட்டிகள் ஆண்டுதோறும் போகத் தொடங்கினார்கள். குழந்தைக்கு முதல் முடி இறக்கக் குடும்பமே கிளம்பியது. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தவர்கள் மறு வாரமே அதை உண்டியலில் சேர்க்க முடிந்தது.

1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் போனது. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தை, அதாவது திருமலையை, சொல்வதால், ம.பொ.சிவஞானம் தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. எல்லைத் தகராறில் படாஸ்கர் கொடுத்த தீர்ப்பின்படி 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. பக்தர்களின் போக்குவரத்தை அந்த எல்லைக் கோடு தடுக்கவில்லை. வேலூரிலிருந்து சித்தூர், காணிப்பாக்கம் வழியாகவும், சென்னையிலிருந்து புத்தூர், ரேணிகுண்டா வழியாகவும் பேருந்துகள் இரவும் பகலும் போய்க்கொண்டே இருந்தன. 1971-இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், விடியற்காலையில் சென்னையில் ஏற்றி, தரிசனம் முடித்து, திருச்சானூரும் காட்டி, இரவு திரும்பக் கொண்டுவந்து விடும் ஒருநாள் சுற்றுலாவை நடத்தியது. இந்தப் பேருந்துக்குக் கூட்டம் கிடைத்ததில் வியப்பில்லை.

ஒரே சாலையில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் வளைவுகளில் எதிரெதிரே வந்த நிலை 1974-இல் முடிந்தது. அந்த ஆண்டு இரண்டாவது மலைச்சாலை வந்தது. புதியது ஏறுவதற்கு, வளைவுகள் குறைவு, பழையது இறங்குவதற்கு. 1970-களின் நடுவில் பேருந்துகளும் தேவஸ்தானத்திடமிருந்து ஆந்திர மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாறின. ‘சப்தகிரி’ என்ற பெயரில் அவை ஓடுகின்றன. திருப்பதிப் பேருந்து நிலையத்தில் மலைக்கு ஏறும் பகுதிக்கு ஏடுகொண்டலு நிலையம் என்று பெயர், அதாவது ஏழுமலை நிலையம். சாலையில் ஒரு வழக்கம் புதியவர்களுக்கு விசித்திரமாகப் படும். குறித்த நிமிடங்களுக்கு முன்னால் மறுமுனையை அடையும் வண்டிக்கு அபராதம் உண்டு. வேகமாகப் போனவரைப் பிடிக்க மலையெங்கும் ஆள் நிறுத்துவதைவிட, இரு முனையிலும் நேரத்தைக் குறித்துக்கொள்வது சுலபம்.

சாலை பயணத்தை எளிதாக்கியது, கூடவே ஆபத்தையும் கொண்டுவந்தது. 2003 அக்டோபர் 1 அன்று அலிபிரி அருகே முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் வாகனத்தைக் குறிவைத்துக் கண்ணிவெடி வெடித்தது. அலிபிரிச் சோதனைச் சாவடியின் கெடுபிடி அதன்பிறகு கூடியது. 2021 நவம்பர், டிசம்பர் மழையில் பாறைகள் சரிந்து சாலை பெயர்ந்தது. மலை தன்மேல் போட்ட சாலையை முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

சாலை போட்டபின் திருமலை வேகமாக வளர்ந்தது. நடந்து வந்தவர் தரிசனம் முடித்து மண்டபத்தில் படுத்து எழுந்து இறங்கிவிடுவார். பேருந்தில் வந்த குடும்பத்துக்கு அறை வேண்டும், குளியல் வேண்டும், பெட்டி வைக்க இடம் வேண்டும். விடுதிகள் கோயிலிலிருந்து விலகி விலகிப் பரவின. அறை ஒதுக்கும் சி.ஆர்.ஓ. அலுவலகம் ஒரு பக்கம், மொட்டை போடும் கல்யாண கட்டா இன்னொரு பக்கம், வரிசை தொடங்கும் வைகுண்டம் வளாகம் வேறு பக்கம். சித்தூர்ச் சீமையில் பிறந்த பக்தக் கவி தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரில் 2011-இல் திறந்த அன்னப்பிரசாதக் கூடம் மற்றொரு பக்கம். நாளொன்றுக்கு 60,000 முதல் 80,000 பேர் வரும் ஊரில், மொழி தெரியாத ஒருவர் இந்த இடங்களுக்கு இடையே பெட்டியோடு அலைவது பெரும் பாடு.

தர்ம ரதம் என்ற பேருந்து இந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்தது. தேவஸ்தானம் ஓட்டும் இந்த வண்டிகள் விடுதிகளையும் மேற்சொன்ன இடங்களையும் இணைத்துச் சுற்றிவருகின்றன. சீட்டு இல்லை, கட்டணம் இல்லை. எந்த நிறுத்தத்திலும் ஏறலாம். இறங்கி வேலையை முடித்து அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ஸ்பெயினின் செவில் நகரில் 1999-இல் தொடங்கிய சிட்டி சைட்சீயிங் நிறுவனம் மேல்தளம் திறந்த சிவப்புப் பேருந்துகளால் உலகெங்கும் பரப்பிய ஏறி-இறங்கும் முறையும் இதேதான். சென்னை–மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதை முயன்று பார்த்தார்கள். 2025 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் ஆர்.கே. கடற்கரைக்கும் தொட்லகொண்டாவுக்கும் இடையே இரண்டடுக்கு மின்பேருந்துகளாக அது வந்தது. அங்கே பயணி ஒருநாள் சீட்டு வாங்கி ஊரைப் பார்க்கிறார். திருமலையில் பயணி ஊர் பார்க்க ஏறுவதில்லை. சாப்பிடவும் முடி கொடுக்கவும் வரிசையில் நிற்கவும் ஏறுகிறார். மலையைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவருக்குப் பாபவினாசம், ஆகாச கங்கை பக்கம் போகும் பேருந்துகளும் ஜீப்புகளும் தனியாக உண்டு. அவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். கீழே திருப்பதியிலும் ரயில் நிலையம், பேருந்து நிலையத்திலிருந்து மலையடிக்குத் தேவஸ்தானத்தின் இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. கபில தீர்த்தம், திருச்சானூர், சீனிவாச மங்காபுரம், அப்பலாயகுண்டா என்று சுற்றியுள்ள கோயில்களுக்குச் சுற்றுப்பேருந்தும் இருக்கிறது.

டீசல் புகை ஏழுமலைக் காட்டுக்கு ஆகாது என்ற கவலை நெடுநாளாக இருந்தது. 2022 செப்டம்பரில் மலைச்சாலையில் மின்பேருந்து ஓடத் தொடங்கியது. 2023 மார்ச்சில் தர்ம ரதத்துக்காகப் பத்து மின்பேருந்துகள் நன்கொடையாக வந்தன.

படிகள் இன்னும் காலியாகவில்லை. வேண்டுதலுக்காக ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டபடி குனிந்து ஏறும் பெண்களை அலிபிரி வழியில் எந்த நாளும் பார்க்கலாம். அலிபிரியில் பாதால மண்டபத்தில் பெருமாளின் பாதரட்சையைத் தலையில் வைத்துச் சுற்றிவந்து தொடங்குகிறார்கள். அவர்களுடைய மூட்டைகளைத் தேவஸ்தானம் காசு வாங்காமல் சாலை வழியாக மேலே அனுப்பிவைக்கிறது. உச்சிப் படியைத் தொட்டவர்கள் மூட்டையை வாங்கிக்கொண்டு, வந்து நிற்கும் தர்ம ரதத்தில் ஏறி அறை தேடிப் போகிறார்கள்.